மெட்டா கீவேர்ட்ஸில் நான் தொலைத்த மூன்று வாரம்

போன வாரம், எஸ்.இ.ஓ. (தேடுபொறியில் தளத்தை முன்னால் கொண்டுவரும்) வேலைக்குப் புதிதாக வந்த தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். எக்செல் ஷீட்டில் 140 சொற்கள். "அண்ணா, இதையெல்லாம் கமா போட்டு எல்லாப் பக்கத்துலயும் மெட்டா கீவேர்ட்ஸ்ல ஏத்திடவா?" என்றான். மெட்டா கீவேர்ட்ஸ் என்பது, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் கோடுக்குள் சொற்களை எழுதிவைக்கும் ஒரு டேக். என் பழைய மூஞ்சியைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்த டேக் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். எழுத்துப்பிழை, உடைந்த லிங்க் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

டேக்கில் எழுதிவிட்டு, பக்கத்தில் எழுதாமல் விடுவது

தொண்ணூறுகளில் இன்ஃபோசீக், அல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் இந்த டேக்கை நம்பின. தன் பக்கம் எதைப் பற்றியது என்று எழுதியவரே சொல்லட்டும் என்கிற நல்லெண்ணம்தான். செருப்பு விற்றவரும் நடிகை பெயரை அதில் எழுத ஆரம்பித்ததும் கதை கந்தலானது. 2002-இல் அல்டாவிஸ்டா கைகழுவியது. தரவரிசைக்கு இந்த டேக்கைப் பார்ப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் பொறியாளர் மேட் கட்ஸ் வெளிப்படையாகவே அறிவித்தார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து நான் என்ன செய்தேன் தெரியுமா? கோவையில் ஒரு வெட் கிரைண்டர் கடை. 38 பக்கம். எல்லாவற்றிலும் 'டேபிள் டாப் கிரைண்டர், டில்டிங் கிரைண்டர், கோவை, கோயமுத்தூர், கோயம்புத்தூர்' என்று மூன்று வாரம் உட்கார்ந்து அடுக்கினேன். பக்கத்தைத் திறந்தால், தேடல் முடிவில் தெரிய வேண்டிய டைட்டில் 'ஹோம்'. தலைப்பு 'எங்கள் தரமான தயாரிப்புகள்'. '2 லிட்டர்' என்பது படத்துக்குள் எழுத்தாக இருந்ததோடு சரி.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, கடைப் பேரைப் போட்டாத்தான் நம்ம கடை வருது. கிரைண்டர்னு போட்டா வரலையே?" நான் என்ன செய்தேன்? டேக்கில் இன்னும் 20 சொல் சேர்த்தேன்.

"இருந்துட்டுப் போகட்டுமே, கெடுதல் இல்லையே" என்று இன்றும் சொல்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. டேக் தன்னளவில் ஒன்றும் செய்யாது, வாஸ்தவம். ஆனால் கூகுளிடம் சொல்லியாகிவிட்டது என்கிற நிம்மதியை அது நமக்குக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் டைட்டிலை யார் தொடுவார்கள்? கடைசியில் '2 லிட்டர் டில்டிங் வெட் கிரைண்டர் விலை' என்று டைட்டில் வைத்து, எத்தனை கல், மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி என்று பக்கத்திலேயே எழுதினேன். பிறகுதான் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து அழைப்பு வர ஆரம்பித்தது.

போட்டியாளருக்குப் பட்டியலை எடுத்துக்கொடுப்பது

ரைட் கிளிக், 'வியூ பேஜ் சோர்ஸ்'. டேக்கில் எழுதிய மொத்தப் பட்டியலும் தெரிந்துவிடும். எதிர்க்கடைக்காரருக்கு நம் உழைப்பெல்லாம் இலவசம்.

அடுத்த கம்பெனியின் பெயரை எழுதுவது

கூகுள் பார்க்காவிட்டாலும் வக்கீல் பார்ப்பார். ஷாதி டாட் காம் நடத்தும் நிறுவனம் போட்டித்தளம் ஒன்றின் மீது தொடுத்த வழக்கில், இப்படி மெட்டா டேக்கில் பெயரைப் பயன்படுத்தியதை 2014-இலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் கண்டித்திருக்கிறது.

டிஸ்கிரிப்ஷனையும் சேர்த்துத் தூக்கிவிடுவது

கீவேர்ட்ஸ் வேறு, பக்கத்தை ஓரிரு வரியில் சொல்லும் மெட்டா டிஸ்கிரிப்ஷன் வேறு. டிஸ்கிரிப்ஷன் ரேங்க்கை ஏற்றாது. ஆனால் தேடல் முடிவில் டைட்டிலுக்குக் கீழே அந்த வரி வர வாய்ப்புண்டு. எழுதுங்கள்.

சோதனைத் தளத்தின் நோஇண்டெக்ஸோடு லான்ச் செய்வது

'இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் டேக் அது. வேண்டாம்.

தம்பியிடம் 140 சொல்லுக்கும் எதிரே ஒரு கட்டம் போடச் சொன்னேன்: இது எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது? பாதிக்கு மேல் காலி. எந்தச் சொல்லைத் தேடியபோது நம் தளம் வந்தது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தால், ஜனங்கள் உண்மையில் தட்டிய சொற்களில் பல அவன் ஷீட்டிலேயே இல்லை. இப்போது கஸ்டமருக்குப் போன் போட்டு ஒவ்வொரு பொருளின் அளவும் விலையும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.