பிள்ளை பல மாதம் கழித்துச் சொன்னால் சாட்சியம் நிற்குமா?

பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் பிள்ளைகளின் குடும்பத்துக்காக ஆஜராகும் வக்கீல் நான். மகிளா நீதிமன்ற வராண்டாவில் அம்மாக்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "இவ்வளவு நாள் கழிச்சுத்தாம்மா சொன்னா, கேஸ் நிக்குமா?" நிற்கும். ஆனால் தாமதத்தை மறைக்காதீர்கள்.

ஒரு வழக்கில் சம்பவம் நடந்து பத்து மாதம் ஆகியிருந்தது. "போன வாரம்னு போடுங்க, அதுதான் ஸ்ட்ராங்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டுப் புகாரில் தேதியை மாற்றிவிட்டார்கள். குறுக்கு விசாரணையில் பள்ளி வருகைப் பதிவேடு வந்தது. அந்த நாளில், அந்த நேரத்தில் அவள் வகுப்பில் இருந்திருக்கிறாள். உண்மையைச் சொன்ன பிள்ளை பொய்க்காரியாக நின்றாள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? பிள்ளை முதன்முதலில் யாரிடம் வாய் திறந்தது என்று பாருங்கள். அவர்தான் முக்கியமான சாட்சி. இன்னொரு வழக்கில் அது அம்மாச்சி. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, "அந்த மாமா வீட்டுக்கு என்னைத் தனியா அனுப்பாதீங்க" என்று ஆரம்பித்திருக்கிறாள். பேத்தி சொன்னதைச் சொன்னபடியே அன்று இரவே பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்தார் அம்மாச்சி. நீங்களும் அப்படியே எழுதுங்கள், பிள்ளையின் வார்த்தையிலேயே. திருத்த வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்டு வீடியோ எடுக்கவும் வேண்டாம், சொல்லிக்கொடுத்ததாக எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

இதற்கு அடித்தளம் உச்ச நீதிமன்றத்தின் 1952 ராமேஷ்வர் வழக்கு. எட்டு வயதுச் சிறுமி தாயிடம் சொன்னதை ஏற்ற நீதிமன்றம், மணிக்கணக்கில் வரம்பு எதுவும் வைக்கவில்லை. அந்தச் சூழ்நிலையில் எவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சொன்னாளா, சொல்லிக்கொடுக்க வாய்ப்பு வருவதற்கு முன்பே சொன்னாளா என்பதுதான் சோதனை. சாட்சி முன்பு சொன்னதை, கோர்ட்டில் சொல்வதற்குத் துணையாகக் காட்ட அனுமதிக்கும் அன்றைய சாட்சியச் சட்டப் பிரிவு 157 இப்போது பாரதிய சாட்சியச் சட்டத்தில் 160. சம்பவத்தை ஒட்டிச் சொன்னது என்ற நிபந்தனையில் அம்மாச்சியிடம் சொன்னது அடங்காமல் போனாலும், விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் சொன்னதற்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆகவே மாஜிஸ்திரேட் முன் தரும் வாக்குமூலத்தை அசட்டையாக விடாதீர்கள். அப்புறம், பிள்ளை ராத்திரி அலறி எழுந்தது, படுக்கையை நனைத்தது எல்லாம் அம்மாச்சி கண்ணால் கண்டவை. அவற்றை அவர் நேரடியாகவே சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அம்மாச்சி சாட்சியம் துணைதான். பிள்ளை கோர்ட்டில் தானே சொல்வதுதான் ஆதாரம்.

தாமதத்தின் காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள். மிரட்டினானா, சொந்தக்காரனா, அம்மா அடிப்பாள் என்று பயந்தாளா? பெரியவர்களுக்குத் தெரிந்த நாளையும் தனியாகக் குறிப்பிடுங்கள், ஏனென்றால் தெரிந்த பிறகு போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பது போக்சோ பிரிவு 21-இல் குற்றம். எதிர்த்தரப்பு 1972 துலியா காளி தீர்ப்பை எடுக்கும், தாமதமானால் கதை ஜோடிக்கப்படும் என்று. அது கொலை வழக்கு. பாலியல் குற்றங்களில் குடும்பம் தயங்குவது இயல்பு என்று 1996 குர்மித் சிங் தீர்ப்பு சொல்கிறது. அதைக் கையில் வைத்திருக்கும்படி அரசு வக்கீலிடம் கேளுங்கள்.

சாட்சி நாளன்று பிள்ளைக்கு எதையும் மனப்பாடம் செய்விக்காதீர்கள். கேள்விகளை நீதிபதிதான் கேட்பார், "ஞாபகம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.