"புல்லிங் யுவர் லெக்" என்றால் காலை வாருவதா? ஆங்கில மரபுத்தொடர்களைப் பழகும் முறை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் லண்டனில் இருந்த ஒரு மேலாளர் போனில், "ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்" என்றார். காலை வாரிவிட்டதாக அவரே ஒப்புக்கொள்கிறாரே என்று அன்று முழுக்க எனக்கு மனம் சரியில்லை. அவர் சொன்னதோ, "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பதுதான். தமிழில் காலை வாருவது துரோகம். ஆங்கிலத்தில் காலை இழுப்பது வெறும் கேலி. புதிதாகக் கற்பவர்கள் இப்படி மனம் நோகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பொருள் ஒட்டாத இடத்தில் நில்லுங்கள்

கூட வேலை பார்ப்பவர், "ஐ ஆம் ஃபீலிங் அண்டர் தி வெதர்" என்று எழுதி லீவு கேட்கிறார். வானிலைக்கும் லீவுக்கும் என்ன சம்பந்தம்? அங்கேயே மரபுத்தொடர் என்று பிடித்துவிடலாம். லீவு கேட்கிறார் என்பதே பாதிப் பொருளைச் சொல்லிவிடுகிறது: லேசாக உடம்பு சரியில்லை. ஜலதோஷம், தலைவலி அளவுக்குத்தான் இது பொருந்தும்.

படி 2: அகராதியில் தேடுங்கள்

கற்பவர்களுக்கான ஆக்ஸ்ஃபர்டு அகராதியில் பெரும்பாலும் தொடரின் முதல் முக்கியச் சொல்லின் கீழ் பாருங்கள். ரகசியத்தை உளறிவிடுவதைக் குறிக்கும் "ஸ்பில் தி பீன்ஸ்" வேண்டுமென்றால் 'ஸ்பில்'லுக்குப் போக வேண்டும்.

படி 3: தமிழோடு ஒட்டிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்.

முதல் பத்தி, ஒத்துப்போகிறவை. ஆங்கிலேயர் ஒரே கல்லில் இரண்டு பறவை அடிக்கிறார்கள். நாம் இரண்டு மாங்காய். எப்போதாவது நடப்பதற்கு அவர்கள் "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்பார்கள். நமக்கு அத்தி பூத்தாற்போல. இன்னும் அழகான ஒன்று, "கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்". இங்கிலாந்தின் வடகிழக்கே டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசிலிலிருந்துதான் நூற்றாண்டுக் கணக்கில் நிலக்கரி கப்பலேறியது. அந்த ஊருக்கே கரி சுமந்து போனால் எப்படி? நம் கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்!

இரண்டாம் பத்தி, ஏமாற்றுகிறவை. இதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். "புல்லிங் யுவர் லெக்" முதலில் வரட்டும். அப்புறம் "தி லாங் ஆர்ம் ஆஃப் தி லா". சட்டத்தின் நீண்ட கை என்றால், குற்றவாளி எங்கே ஓடினாலும் சட்டம் எட்டிப் பிடிக்கும் என்று பொருள். நம் ஊரில் ஒருவருக்குக் கை நீளம் என்றால் கதையே வேறு.

படி 4: சொல்லை மாற்றாதீர்கள், இடம் பார்த்துப் பேசுங்கள்

"கிக் தி பக்கெட்" என்றால் இறந்துபோவது. காலத்துக்கு ஏற்ப 'கிக்ட்' ஆக்கலாம். ஆனால் பக்கெட்டை எடுத்துவிட்டு அதே பொருளுள்ள 'பெயில்' என்ற சொல்லைப் போட்டால், நிஜமாகவே வாளியை உதைத்ததாக ஆகிவிடும். இதைவிட முக்கியம், இது "மண்டையைப் போட்டார்" என்பது போன்ற பேச்சு. இரங்கல் கடிதத்தில் எழுதவே கூடாது. அங்கே "பாஸ்ட் அவே" போதும்.

படி 5: உங்கள் வீட்டு வாக்கியம் எழுதுங்கள்

வாரத்துக்கு நான்கு தொடர் போதும். சரி, இந்த வாரத்துக்கு: "பீஸ் ஆஃப் கேக்" (மிகச் சுலபம்), "கால் இட் எ டே" (இன்றைக்கு இத்தோடு வேலையை முடிப்போம்), "பிரேக் தி ஐஸ்" (புதியவர்களிடையே தயக்கம் போகப் பேச்சைத் தொடங்குவது), "காஸ்ட் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்" (யானை விலை). ஒவ்வொன்றையும் உங்கள் வீட்டில், அலுவலகத்தில் நடந்த விஷயத்தில் வைத்து ஒரு வாக்கியம் எழுதி, வாய்விட்டுப் படியுங்கள். நான் எழுதிய முதல் வாக்கியம் இது: "மை சிஸ்டர்ஸ் வெட்டிங் சாரி காஸ்ட் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்."