வயிறு உப்பினால் பருப்பை மட்டும் திட்டாதீங்க

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யாருக்கு வயிறு உப்பினாலும் பழி பருப்பு மேல்தான் விழும். "நேத்து சாம்பார், அதான் வாயு." நானும் அப்படித்தான் நினைத்தேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தபோது, பசியாற உட்கார்ந்தால் இரண்டு ரொட்டி சானாய் ஐந்தே நிமிடத்தில் உள்ளே போய்விடும், கூடவே பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஐஸ், மதியத்துக்குள் பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருக்கும்.

அந்தப் பையைக் கவனியுங்கள். தண்ணி தீர்ந்த பிறகும் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே ஸ்ட்ராவை விட்டு சர்ர்ரென்று உறிஞ்சுகிறோமே, அப்போது வயிற்றுக்குப் போவது பெரும்பாலும் காற்றுதான். அவசரமாக விழுங்குவதும், வாய் நிறையச் சோற்றோடு கதை பேசுவதும், சுவிங்கம் மெல்லுவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஸ்ட்ராவைத் தூக்கிப் போட்டுக் கோப்பையில் குடியுங்கள், ஒவ்வொரு வாயையும் மென்று முடித்த பிறகு அடுத்ததை எடுங்கள்.

அடுத்தது தே ஐஸில் கலக்கும் டின் பால். அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது, வளர்ந்த பிறகு நம்மில் பலருக்கு அது சரியாகச் செரிக்காது, குடலில் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். ஒரு வாரம் தே ஐஸுக்குப் பதில் பால் கலக்காத தே ஓ குடித்துப் பாருங்கள். அந்த வாரம் வேறு எதையும் மாற்ற வேண்டாம், இல்லாவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது.

சரி, பருப்புக்கு வருவோம். அதுவும் வாயு தரும், பொய்யில்லை. கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணியில் வேகவைத்தால் குறையும். ஆனால் வெங்காயம், பூண்டு, ஏன் ரொட்டி சானாயின் கோதுமை மாவும்கூட அதே வேலையைச் செய்யும், அவற்றை யாரும் திட்டுவதில்லை!

உப்பிய வயிற்றுக்கு ஹண்ட்ரட் பிளஸ் என்ற கேஸ் பானத்தை வாங்கிக் குடிக்கும் பழக்கம் வேறு. ஏப்பம் வந்ததும் சுகமாக இருக்கும்தான், ஆனால் அந்த ஏப்பத்தில் பாதி அந்த டின்னில் இருந்த கேஸ்தானே. அதற்குப் பதில் சாப்பிட்டதும் படுக்காமல் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் நடங்கள். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், லோரி ஓட்டுகிறவர்கள் அடக்கி வைப்பதை விடவேண்டும்.

இரண்டு மூன்று வாரமாக உப்புசம் தினமும் இருந்தாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ ஓமத் தண்ணியோடு உட்கார்ந்திருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்).