கூகுள் காலண்டர் மீட்டிங்கில் யார், எப்போது, எதை மாற்றினார்கள்? கண்டுபிடிப்பது எப்படி

காலை 10 மணிக்கு மீட்டிங் என்று லிங்கைத் திறந்து உட்கார்ந்தால் உள்ளே யாரும் இல்லை. குரூப்பில் கேட்டால், “அதைத்தான் நேற்றே 11 மணிக்கு மாத்தியாச்சே” என்று ஒருவர், “எனக்கு மெயிலே வரலையே” என்று இன்னொருவர். ஆன்லைனில் கூட்டம் நடத்தும் எல்லா இடத்திலும் இது நடக்கிறது. இதில் எனக்கு வருத்தம் தருவது, பழி பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் மேலேயே விழுவதுதான்; “நீ சரியா பார்த்திருக்க மாட்டே” என்று பேச்சை முடித்துவிடுவார்கள். அவருடைய காலண்டரில் அப்போது என்ன நேரம் இருந்தது, அது எப்போது மாறியது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால்.

கூகுள் டாக்ஸில் ஒரு வரியை அழித்தால்கூட வெர்ஷன் ஹிஸ்டரியில் ஆள் பெயரோடு தெரியும். காலண்டரில் அப்படி ஒரு பட்டனே கிடையாது. அதனால் தடயங்களை நாலைந்து இடத்திலிருந்து நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும். பலரும் பயன்படுத்துவது கூகுள் காலண்டரும் ‘கூகுள் மீட்’ வீடியோ அழைப்பும் என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்யுங்கள், போன் ஆப்பில் இதில் பாதி இருக்காது.

படி 1: யாரால் மாற்ற முடியும் என்று முதலில் பாருங்கள்

மீட்டிங்கைத் திறந்து, பென்சில் படத்தைத் தட்டி எடிட் பக்கத்துக்குப் போனால், விருந்தினர் பட்டியலுக்குக் கீழே ‘கெஸ்ட் பர்மிஷன்ஸ்’ என்று மூன்று பெட்டிகள் இருக்கும்: மீட்டிங்கை மாற்றலாம், மற்றவர்களை அழைக்கலாம், பட்டியலைப் பார்க்கலாம். வழக்கமாகப் பின்னிரண்டில்தான் டிக் இருக்கும். முதல் பெட்டியில் யாராவது டிக் போட்டிருந்தால், அழைக்கப்பட்ட 40 பேரில் யார் வேண்டுமானாலும் நேரத்தை நகர்த்தலாம் என்று அர்த்தம். உடனே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, அந்தக் காலண்டரே யாருக்கெல்லாம் பகிரப்பட்டிருக்கிறது என்பது. இடது பக்கம் காலண்டர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி, ‘செட்டிங்ஸ் அண்ட் ஷேரிங்’ உள்ளே பாருங்கள். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவருக்கு என்ன உரிமை என்று இருக்கும்: பிஸியா இல்லையா என்று மட்டும் பார்ப்பது, விவரம் முழுவதும் பார்ப்பது, மீட்டிங்கை மாற்றுவது, மாற்றுவதோடு பகிர்தலையும் நிர்வகிப்பது. கடைசி இரண்டு உரிமை உள்ளவர்கள்தான் நமக்கு முக்கியம். வேலையை விட்டுப் போனவர் பெயர் இதில் இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல இடங்களில் இருக்கும்.

ஒரே ஒருவருக்கு மட்டும் நேரம் வேறாகத் தெரிந்தால், மாற்றும் உரிமை இல்லாத விருந்தினராக அவர் தன் காலண்டரில் உள்ள பிரதியை மட்டும் மாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படிச் செய்தது மற்றவர்களுக்குத் தெரியாது.

படி 2: மாற்றம் நடந்தால் மெயில் வர வையுங்கள்

மேலே பல்சக்கரப் படம், அதில் ‘செட்டிங்ஸ்’. இடது பக்கம் உங்கள் காலண்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்துக் கீழே வந்தால் ‘அதர் நோட்டிபிகேஷன்ஸ்’ என்று ஒரு பகுதி. புதிய மீட்டிங், மாறிய மீட்டிங், ரத்தான மீட்டிங் என்ற மூன்றுக்கும் எதிரில் ‘ஈமெயில்’ என்று வைத்துவிடுங்கள். மெயில் தொல்லை என்று முன்பு நிறுத்தியவர்கள் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். நிறையக் காலண்டர்கள் வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம், இதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். நேரத்தை மாற்றி சேவ் கொடுத்தவுடன் விருந்தினர்களுக்கு மெயில் அனுப்பட்டுமா என்று காலண்டர் கேட்கும். ‘டோன்ட் சென்ட்’ கொடுத்தாலும் மாற்றம் நடந்துவிடும், யாருக்கும் அந்த அப்டேட் மெயில் மட்டும் போகாது. சின்ன எழுத்துப் பிழையைத் திருத்துகிறோம் என்றால் சரி. நேரம், தேதி, லிங்க் இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் ‘சென்ட்’தான் என்று குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும்போது இரண்டு வார்த்தை குறிப்பு சேர்க்கவும் அங்கேயே வசதி உண்டு. “தணிக்கையாளர் 11 மணிக்குத்தான் வருகிறார், அதனால் மாற்றுகிறேன்” என்று எழுதினால் அடுத்த மாதம் யாரும் காரணம் கேட்டு வரமாட்டார்கள்.

படி 3: அந்த மெயிலைச் சரியாகப் படியுங்கள்

‘அப்டேட்டட் இன்விடேஷன்’ என்று தொடங்கும் மெயிலைப் பலரும் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். திறந்து பார்த்தால், எது மாறியது என்று மேலேயே சொல்லியிருக்கும். பழைய நேரம் கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் புதியது இருக்கும். இந்த மெயில்களை அழிக்காதீர்கள். ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் போட்டு ‘மீட்டிங் மாற்றம்’ என்று லேபிள் வைத்துவிட்டால் அதுவே உங்கள் வரலாற்றுப் புத்தகம்.

இனி கொஞ்சம் ஆழமாக. அந்த மெயிலோடு ‘இன்வைட் டாட் ஐசிஎஸ்’ என்று ஒரு சின்ன ஃபைல் வரும். அதை டவுன்லோட் செய்து, டபுள் கிளிக் செய்யாமல், ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறங்கள். (டபுள் கிளிக் செய்தால் வேறு ஏதாவது காலண்டர் ஆப் திறந்து அதில் சேர்க்கப் பார்க்கும்.) உள்ளே எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரிவரியாக இருக்கும், மிரள வேண்டாம். நமக்கு வேண்டியது மூன்றே வரி.

‘யுஐடி’ என்பது அந்த மீட்டிங்கின் அடையாள எண். நேரம் மாறினாலும் இது மாறாது. இரண்டு மெயிலில் யுஐடி வேறு வேறாக இருந்தால், யாரோ பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு மீட்டிங் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

‘சீக்வென்ஸ்’ என்பது எத்தனையாவது திருத்தம் என்ற கணக்கு. 0-இல் தொடங்கி, நேரம் போன்ற முக்கியமான மாற்றம் வரும்போது ஏறும். உங்கள் கையில் 0 இருக்கும் மெயில், நண்பரிடம் 2 இருக்கும் மெயில் என்றால், நடுவில் நடந்தது உங்களுக்கு வந்து சேரவில்லை. ஐசிஎஸ் கூகுளின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, எல்லாக் காலண்டர்களுக்கும் பொதுவான வடிவம். 2009-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தரத்தில் இந்த வரிகளுக்கு விளக்கம் இருக்கிறது. அதனால் அவுட்லுக்கிலிருந்து வரும் அழைப்பையும் இதே மாதிரி படிக்கலாம்.

‘லாஸ்ட்-மாடிஃபைடு’ என்பது கடைசியாக மாற்றப்பட்ட நேரம். ஆண்டு, மாதம், நாள் சேர்ந்து 8 இலக்கம், நடுவில் டி (T) என்ற எழுத்து, அப்புறம் மணி, நிமிடம், நொடி சேர்ந்து 6 இலக்கம், கடைசியில் இசட். அந்த இசட் இருந்தால் அது உலகப் பொது நேரம், நம் நேரம் இல்லை. இந்தியாவோ இலங்கையோ என்றால் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள், சிங்கப்பூர் என்றால் எட்டு. 154500 என்று இருந்தால் பொது நேரம் 15:45, நமக்கு இரவு 9:15. 201000 என்று இருந்தால் நமக்கு அடுத்த நாள் அதிகாலை 1:40. தேதியும் ஒன்று கூடிவிடுவதைக் கவனியுங்கள். “நேத்து சாயங்காலமே மாத்திட்டேனே” என்ற பேச்சைச் சரிபார்க்க இந்த ஒரு வரி போதும்.

படி 4: யாருமே மாற்றாமல் நேரம் மாறியதா?

ஆளைத் தேடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். லண்டனில் இருப்பவர் வாராவாரம் காலை 9 மணிக்கு என்று போட்ட மீட்டிங், குளிர்காலத்தில் சென்னையில் மதியம் 2:30-க்கு வரும். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அன்றிலிருந்து நமக்கு 1:30. அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பவும் 2:30. அமெரிக்காவில் இது மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நடப்பதால், இரண்டு நாட்டு ஆட்களும் இருக்கும் மீட்டிங்கில் இடையில் சில வாரங்கள் ஒரே தடுமாற்றமாக இருக்கும். இதற்கு மெயில் வராது, சீக்வென்ஸும் ஏறாது, ஏனென்றால் மீட்டிங்கை யாரும் தொடவில்லை. எடிட் பக்கத்தில் நேரத்துக்குப் பக்கத்தில் ‘டைம் ஸோன்’ என்று இருக்கும், அதில் எந்த ஊர் என்று பார்த்தால் புரிந்துவிடும்.

படி 5: காணாமல் போன மீட்டிங்

பல்சக்கரப் படத்தைத் தட்டினால் ‘ட்ராஷ்’ (சிலருக்கு ‘பின்’) இருக்கும். நீக்கிய மீட்டிங் அங்கே 30 நாள் வரை கிடக்கும், திரும்ப எடுத்துவிடலாம். அதற்கு அந்தக் காலண்டரை மாற்றும் உரிமை உங்களுக்கு வேண்டும்.

தொடர் மீட்டிங் என்றால், இது மட்டும், இதுவும் இனி வருபவையும், எல்லாம் என்று மூன்று வழி கேட்கும். நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் தொடர் இரண்டாக உடைகிறது. வருகிற மாதம் ஒரு வாரத்தை மட்டும் தனியாக வியாழனுக்கு மாற்றி வைத்திருந்தீர்கள் என்றால் அது அப்படியே நிற்கிறதா என்று போய்ப் பார்த்துவிடுங்கள்.

லிங்க் மாறியதா என்று பார்ப்பது சுலபம். மீட் லிங்கின் கடைசியில் 3, 4, 3 என்று பிரிந்த பத்து எழுத்து இருக்கும். பழைய மெயிலில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 6: யார் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால்

இதுவரை பார்த்ததில் என்ன மாறியது, எப்போது என்பது கிடைக்கும். யார் என்பதை உறுதியாகச் சொல்வது அட்மின் பதிவு. உங்கள் அலுவலகமோ பள்ளியோ கூகுள் வொர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுள் சேவை) வைத்திருந்தால், அட்மினாக இருப்பவர் அட்மின் கன்சோலில் ‘ரிப்போர்ட்டிங்’, ‘ஆடிட் அண்ட் இன்வெஸ்டிகேஷன்’, ‘காலண்டர் லாக் ஈவன்ட்ஸ்’ என்று போய் மீட்டிங் பெயரை வைத்துத் தேடலாம். நேரத்தை மாற்றியது, ஆளைச் சேர்த்தது, ஆளை நீக்கியது எல்லாம் செய்தவரின் மெயில் முகவரியோடு வரிசையாக வரும். இந்தப் பதிவு 6 மாதம்தான் இருக்கும், அதனால் தள்ளிப்போடாமல் கேளுங்கள். கேட்கும்போது “யாரோ மாத்திட்டாங்க, பாருங்க” என்று பொதுவாகச் சொல்லாமல், மீட்டிங் பெயர், தேதி, லாஸ்ட்-மாடிஃபைடு நேரம் மூன்றையும் கொடுங்கள். அவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

சாதாரண ஜிமெயில் கணக்கில் இந்த வசதி இல்லை. அப்போது படி 1-இல் கிடைத்த பெயர்களை வைத்து நேராகக் கேட்பதுதான் வழி. மாற்றும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும் இருந்தால் கேட்பதும் சுலபம்.

படி 7: வாரம் ஒருமுறை பார்வை

மீட்டிங்கின் நோக்கம், பேச வேண்டியவை எல்லாவற்றையும் டிஸ்கிரிப்ஷன் பெட்டியில் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். அங்கே ஒருவர் ஒரு வரியை எடுத்துவிட்டால் முன்பு என்ன இருந்தது என்று திரும்பப் பார்க்க வழியில்லை. ஒரு கூகுள் டாக்கில் எழுதி மீட்டிங்கோடு இணையுங்கள். அதில் ‘ஃபைல்’ மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால், செவ்வாய் இரவு சம்பள உயர்வு பற்றிய வரியை எடுத்தவர் யார் என்று வண்ணத்தோடு தெரியும். நேரம் மாறுவதைவிட இந்த மாதிரி மாற்றங்கள்தான் மனிதர்களை அதிகம் பாதிக்கின்றன என்பது என் எண்ணம்.

அப்புறம் ஒரு ஷீட். தேதி, மீட்டிங் பெயர், பழையது, புதியது, மாற்றியவர், காரணம் என்று ஆறு பத்தி போதும். வெள்ளிக்கிழமை மாலை, படி 3-இல் வைத்த ‘மீட்டிங் மாற்றம்’ லேபிளைத் திறந்து வாரத்து மெயில்களை ஷீட்டில் பதியுங்கள். நீங்களே செய்த மாற்றத்துக்கு உங்களுக்கு மெயில் வராது, அதை மட்டும் அன்றன்றே எழுதிவிடுங்கள். காரணம் என்ற பத்தியை வெறுமையாக விடாதீர்கள். ஒரே மீட்டிங் மூன்று வாரம் தொடர்ந்து “மேலாளர் பயணம்” என்று தள்ளிப்போனால், அந்தக் கிழமையே சரியில்லை என்று பேச அதுதான் ஆதாரம்.

சூம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூம் தளத்தில் நேரத்தை மாற்றினால், கையால் லிங்கை ஒட்டிப் போட்ட கூகுள் காலண்டர் அழைப்பில் அது தானாக மாறாது. இரண்டு இடத்திலும் மாற்றுங்கள், ஷீட்டில் இரண்டையும் குறியுங்கள். டீம்ஸ் என்றால் அவுட்லுக்கில் வரும் அப்டேட் மெயிலும் அதோடு வரும் ஐசிஎஸ்ஸும்தான் உங்களுக்குக் கிடைக்கும் தடயம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐடி நிர்வாகிகள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் பர்வியூ தளத்தில் இருக்கும் ஆடிட் பதிவைத் தேடச் சொல்லி உங்கள் ஐடி ஆட்களிடம் கேட்க வேண்டும்.