டேபிள் இல்லாம ஹோரை பாக்குறது எப்படி

ஹோரைன்னா ஜோசியத்துல ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு கிரகத்துக்குன்னு ஒதுக்கி, எந்த வேலைக்கு எந்த நேரம் நல்லதுன்னு பாக்குறது. தினசரி காலண்டர் நிறையத்துல ஹோரை டேபிள் பொடி எழுத்துல இருக்கும், ஆனா வெளிய நிக்கும்போது அதுக்கு எங்க போறது, மனசுலயே கணக்கு போடலாம், ஈஸிதான்.

ஒரே ஒரு வரிசை மனப்பாடமா இருந்தா போதும்: சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். ஆளுக்கு ஒரு மணி நேரம், முடிஞ்சதும் திரும்ப சூரியன். எந்தக் கிழமையோ அந்தக் கிரகத்தோட ஹோரைதான் காலைல முதல்ல, வெள்ளின்னா சுக்கிரன், வியாழன்னா குரு. மொத்தம் 7 பேருங்கிறதால அதே ஹோரை 8வது மணில மறுபடி வந்துடும், அதான் 6-1-8-3ன்னு சொல்றது, காலைல 6, மதியம் 1, ராத்திரி 8, விடிகாலை 3. வரிசை தாறுமாறா இருக்கேன்னு தோணும், அது வேகக் கணக்குங்க, மெதுவா நகர்ற சனில ஆரம்பிச்சு வேகமா ஓடுற சந்திரன் வரைக்கும். 24ஐ 7ஆல வகுத்தா மீதி 3, அதனால மறுநாள் முதல் ஹோரை 3 இடம் தள்ளிப் போகும், சூரியன்லேர்ந்து 3 தள்ளுங்க சந்திரன் வரும், ஞாயிறுக்கு அப்புறம் திங்கள் வர்ற கணக்கே இதுதான்.

எதுக்கு எது? குரு ஹோரை நகை வாங்க, பணம் போட, கல்யாணப் பேச்சுக்கு. சுக்கிரன் துணிமணி, வண்டி, பொண்ணு பாக்க. புதன் படிப்பு, எழுத்து வேலை, அக்ரிமெண்ட். சந்திரன் பயணத்துக்கு, அதுவும் வளர்பிறைல நல்லதும்பாங்க. சூரியன்ல சுபகாரியம் வேணாம், ஆனா கவர்மெண்ட் ஆபீஸ்ல மனு குடுக்க, அதிகாரிய பாக்க அதத்தான் எடுப்பாங்க. செவ்வாய் கடன் அடைக்க. சனின்னா எல்லாரும் ஓடுவாங்க, பழைய சாமான் ஒழிக்க, வீடு கழுவ அத விட்டா வேற நேரம் எதுக்கு?

நிறைய பேர் கோட்ட விடுறது இங்கதான், ஹோரைய மட்டும் பாத்துட்டு, நல்ல காரியம் ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்ற ராகு காலம், எமகண்டத்த மறந்துடுவாங்க. வியாழக்கிழமை குரு ஹோரைன்னா எவ்ளோ விசேஷம், ஆனா காலைல 6-7 முழுசா எமகண்டத்துல (6-7:30) மாட்டிக்குது, மதியம் 1-2ல பாதிய ராகு காலம் (1:30-3) தின்னுடுது. நகை வாங்கணும்னா நான் புதன்கிழமையத்தான் சொல்லுவேன், காலைல 9-10 குரு ஹோரை, எமகண்டம் 9க்கே முடிஞ்சிடும், ராகு காலம் 12க்குத்தான், கடையும் பெரும்பாலும் அதுக்குள்ள தொறந்துடுவாங்க. ராகு காலம் ஞாபகத்துக்கு அந்தப் பழைய வாக்கியம் இருக்கே, "திருநாள் சந்தடியில் வெளியே புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா", ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்தும் ஒரு கிழமை, காலைல 7:30லேர்ந்து ஒன்றரை ஒன்றரை மணியா திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு.

ஹோரை பாக்குறது வேலைய ஆரம்பிக்கிற நிமிஷத்துக்குத்தான், வேலை முழுசும் அதுக்குள்ள முடியணும்னு இல்ல. இன்டர்வியூ டைம் உங்க கைல இல்ல, ஆனா அப்ளிகேஷன்ல சப்மிட் அமுக்குற டைம் உங்க கைலதான. ஆஸ்பத்திரி அவசரத்துக்கெல்லாம் ஹோரை பாத்துட்டு உக்காராதீங்க, ப்ளீஸ்.

இந்த 6 மணிங்கிறது ஒரு வசதிக்கு வச்சது, நிஜ கணக்கு சூரிய உதயத்துலேர்ந்து. சென்னைலயே ஜூன்ல உதயம் 5:40 வாக்குல, ஜனவரி கடைசில 6:35 கிட்ட. லண்டன்ல இருக்கவங்க ஜூன்ல 6 மணி டேபிள வச்சா எல்லாமே தப்பிடும், அங்க அப்போ 4:45க்கே விடிஞ்சிடுது, உள்ளூர் உதயத்த போன்ல பாத்துத்தான் போடணும். சென்னைல எந்தக் கணக்குன்னு குழப்பம் வந்தா நான் ரெண்டுக்கும் பொதுவா வர்ற நிமிஷத்த எடுத்துக்குவேன், உதாரணமா ஜனவரி கடைசி வெள்ளில சுக்கிர ஹோரை ஒரு கணக்குல 1-2, இன்னொன்னுல 1:35-2:35ன்னு வரும், அப்போ 1:35லேர்ந்து 2க்குள்ள.