நெகட்டிவ் என்று வந்தாலும் டெங்கு இருக்கலாம்

காய்ச்சல் தொடங்கிய இரண்டாவது நாளே ஐஜிஎம் டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் என்று வந்ததும் "அப்பாடா, டெங்கு இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நோய் பரவும் காலத்தில் நடக்கிற தவறுகளில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். ஐஜிஎம் என்பது வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள், ரத்தத்தில் அது தென்படவே நான்கைந்து நாள் ஆகும். அதற்கு முன் தேட வேண்டியது வைரஸைத்தான்: என்எஸ்1 என்ற அதன் புரதத்தை, அல்லது ஆர்டி-பிசிஆர் மூலம் அதன் மரபணுவை. ஒரு வாரம் தாண்டினால் நிலைமை தலைகீழ், என்எஸ்1 மறைந்துபோயிருக்கும், ஐஜிஎம்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் லேபுக்குப் போகும்போது காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்று கட்டாயம் சொல்லுங்கள், அது தெரியாமல் ரிசல்ட்டுக்குப் பொருளே கிடையாது.

ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டெங்கு வைரஸில் 4 வகை உண்டு, இரண்டாவது முறை வேறு வகை தொற்றும்போதுதான் நோய் தீவிரமாகும் வாய்ப்பு கூடுகிறது, அந்த நேரம் பார்த்து என்எஸ்1 டெஸ்ட் கோட்டைவிடுவதும் அதிகம்.

சரி, பாசிட்டிவ் வந்தால் முடிந்ததா? அதுவும் இல்லை. ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் வரை ரத்தத்தில் தங்கும், ஆக இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். டெங்குவும் ஜிகாவும் ஒரே குடும்பத்து வைரஸ்கள் என்பதால் ஒன்றின் எதிர்ப்பொருள் மற்றதன் டெஸ்டில் பாசிட்டிவ் காட்டிவிடும், ஜிகா கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்தக் குழப்பம் சாதாரணமானதல்ல. ஊரெல்லாம் டெங்கு என்பதற்காக மலேரியா, எலிக்காய்ச்சல், டைபாய்டு எல்லாம் லீவு போட்டுவிடுவதில்லை. அவற்றுக்கு வேறு மருந்து, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்று நினைப்பது. டெங்குவில் பெரும்பாலும் 3 முதல் 7-ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், அதையொட்டிய 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழலாம். எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம், ஏறுவதுதான் கசிவைக் காட்டுகிறது, அதைக் கேட்பவர் குறைவு. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், தலைதூக்க முடியாத சோர்வு, இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. உடம்புவலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூபன் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு.

பரவுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரி மட்டும் கொசுவலை கட்டிப் பயனில்லை, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. காய்ச்சல்காரரைக் கடித்த கொசு ஒன்றிரண்டு வாரத்தில் மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடும், அதனால் பகலில் வலைக்குள் படுக்க வேண்டியவர் முதலில் நோயாளிதான். புகையடிப்பது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், தொட்டியில் இருக்கும் புழு அப்படியே இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்சுவரில் கருப்பாகப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவி, பிறகு நிரப்பி, இடைவெளி இல்லாமல் மூடி வையுங்கள்.