கடைவீதியை நடப்பவர்களுக்காக மாற்றும்போது செய்யக்கூடாதவை

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி என்று டெல்டா ஊர்களின் கடைவீதிகளைச் சீரமைக்க வரும் இளம் பொறியாளர்களின் வரைபடங்களைப் பார்க்கிறேன். எங்கள் காலத்துத் தவறுகளெல்லாம் கலர் பிரிண்டில் திரும்பி வந்து நிற்கின்றன. வழுக்கும் டைல்ஸ், குறுகிய அகலம் எல்லாம் தெரிந்த கதை. விட்டுவிடுகிறேன்.

வடிகால் மூடியையே நடைபாதை ஆக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஓரத்தில் கான்கிரீட் வடிகால், மேலே ஸ்லாப், அதுதான் நடைபாதை. நம் நிலமோ தட்டை. தண்ணீர் ஓட வாட்டம் கிடைக்காது. அதனால் வடிகாலின் தலைமாட்டை, அதாவது தண்ணீர் புறப்படும் முனையை, உயர்த்துவார்கள். தெருவின் ஒரு முனையில் அரையடி, மறுமுனையில் முழங்கால் உயரம். நடைபாதையின் ஓரக்கல் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது ஐஆர்சி 103, அதாவது இந்திய சாலை காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி. கேட்டால், "லெவல் அப்படித்தான் சார் வருது" என்பார் கான்ட்ராக்டர்.

அப்புறம் கடைக்குக் கடை ஒரு சரிவு, ஒரு படி. ஓர் ஊரில் காய்கறிப் பையோடு வந்த பாட்டி நடைபாதையில் ஏறினார், மளிகைக்கடைச் சரிவில் இறங்கினார், அடுத்த படியைப் பார்த்தார், பேசாமல் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ரோட்டில் நடந்தார். பிறகு ரோட்டில் பழைய தாரைச் சுரண்டாமலே மேலே தார் போடுவார்கள். தண்ணீர் இறங்கும் வாய் அடைபடும், மழை கடைக்குள் போகும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலர் உத்தரவிட்டார். ஆனால் எஸ்டிமேட்டில் மில்லிங்குக்கு, அதாவது அந்தச் சுரண்டலுக்கு, ஒரு வரி இல்லையென்றால் தளத்தில் நடக்காது.

கடை வாசற்படிகள், ரோட்டின் நடு, வடிகால் போய்ச் சேரும் வாய்க்காலின் அடி: இந்த மூன்று லெவலையும் முதலில் எடுங்கள். நடைபாதை உயரத்தை முடிவுசெய்துவிட்டு வடிகாலை அதற்குக் கீழே அடக்குங்கள். ஆழம் கிடைக்காவிட்டால் அகலப்படுத்துங்கள், உயர்த்தாதீர்கள்.

தேரை மறப்பது

திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்தால் 96 அடி உயரம். அந்த வீதியில் விளக்குக் கம்பத்தின் கை எவ்வளவு நீளலாம் என்பதைத் தேர்தான் சொல்லும். திரும்பும் மூலைகளில் கழற்றி மாட்டும் கம்பங்கள் மட்டும்.

தடுப்புக் கம்பங்களை நெருக்குவது

வண்டி ஏறாமலிருக்க நடைபாதையில் நடும் கம்பங்களுக்கு நடுவே சக்கர நாற்காலி நுழைய வேண்டும். பைக்கும் நுழையும்தான், அதைப் பிடிப்பது போலீஸ் வேலை.

பூக்காரம்மாவை எழுப்புவது

கணக்கெடுப்பு முடியுமுன் தெருவியாபாரிகளை அகற்றக்கூடாது என்பது 2014 சட்டம். வரைபடத்திலேயே அவர்களுக்கு இடம் விடுங்கள். இல்லையென்றால் திறப்புவிழா முடிந்த மறுநாள் கூடை நடைபாதை நடுவில் இருக்கும்.

சித்திரையில் சர்வே முடிப்பது

ஐப்பசியில் ஒரு நாள் குடையோடு போங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் ஜீப்ரா கோடு போடாதீர்கள்.